இன்டர்வியூல "சாப்ட்டீங்களா"ன்னு கேட்டா என்ன சொல்றது?

போன மே மாசம் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு ஆள் எடுத்துக்கினு இருந்தோம், குவாலிட்டி செக்கிங்ல ட்ரெய்னி வேலை. குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி வந்தான், சட்டை முதுகோட ஒட்டிக்கினு இருக்கு, ஃபைல நெஞ்சோட அணைச்சு புடிச்சிருக்கான், நம்மூரு மே மாசத்து வெயில நான் சொல்லணுமா. சும்மா பேச்சுக்கு "பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?"ன்னு கேட்டேன். அவன் பட்டுன்னு எழுந்து நின்னு "குட் மார்னிங் சார், மைசெல்ஃப்"னு ஆரம்பிச்சு பத்தாங்கிளாஸ் மார்க்குல இருந்து ஹாபி வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சான். மணி அப்போ மத்தியானம் ரெண்டு.

சிரிக்கறதுக்காக சொல்லல. எச்ஆர் வேலைக்கு வந்து 11 வருஷம் ஆவுது, டெக்னிக்கல் கேள்வில தடுமாறறவங்கள விட சாப்ட்டீங்களா, பஸ்ஸுல எடம் கெடச்சுதாங்கற இந்த சாதா கேள்வில தடுமாறறவங்கதான் ஜாஸ்தி, ஏன்னா இதுக்கு யாரும் தயார் ஆகறதில்ல, இல்லன்னா இதுலயும் ஏதோ சூது இருக்குன்னு நெனச்சுக்கறாங்க.

ஒரு உண்மைய சொல்றேன், எங்க ஆளுங்க திட்டுவாங்க. நீங்க பஸ்ஸ பத்தி பேசற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் நிறைய பேரு உங்க ரெஸ்யூமையே முதல் தடவையா புரட்டிப் பாக்கறோம். காலைல இருந்து இருவது பேர பாத்தாச்சு, டீ ஆறிப்போச்சு, எங்களுக்கும் பேச்ச எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. அதனால "ம், கெடச்சுது சார்"னு ஒத்த வரில முடிச்சிட்டா நாங்க மறுபடியும் பேப்பரத்தான் பாக்கணும். ரெண்டு மூணு வரி, அதுல நாங்க புடிச்சிக்கற மாதிரி ஒரு விஷயம், அது போதும்.

அணைக்கட்டு பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. "உங்க ஊர்ல என்னம்மா ஸ்பெஷல்?"னேன். "முள்ளு கத்தரிக்கா சார், 2023ல புவிசார் குறியீடு கூட குடுத்தாங்க, எங்க நிலத்துலயும் போடறோம், காம்புல இருக்கற முள்ளு கையில குத்தும், காலைல பறிச்சதும் சொத்தைய தனியா எடுத்துட்டு சைஸ் வாரியா பிரிக்கறது என் வேலை"ன்னுச்சு. பக்கத்துல இருந்த ப்ரொடக்ஷன் சார் நிமிர்ந்து உக்காந்தாரு. சொத்தைய எப்படி கண்டுபுடிப்பேன்னு கேட்டாரு, அங்கருந்து லெதர்ல கீறல் பாக்கறது, ஷேடு பாக்கறதுன்னு பேச்சு தானா வேலைக்குள்ள போயிடுச்சு. அது பேசினது முழுக்க தமிழ்லதான்.

அதே கேள்விக்கு ஒரு பையன் "என்னா சார் இருக்கு வேலூர்ல, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்"னு பழைய டயலாக்க எடுத்து விட்டான். எதிர்ல இருந்தவரு வேலூர் சத்துவாச்சாரிக்காரர். "ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டை கோயிலுக்குள்ள வந்துட்டாரு தம்பி"ன்னாரு. சொந்த ஊரு, பழைய கம்பெனி, ட்ராஃபிக், இதையெல்லாம் திட்டறத டீக்கடையோட வெச்சுக்கங்க.

இன்னொன்னு, இது எங்க பக்கத்து தப்பு. சகஜமா பேசறோம்னு நெனச்சுக்கினு வீட்டு விஷயத்த கேட்டுடுவோம். நானே ஒரு தடவ ஒரு பொண்ணுகிட்ட "கல்யாணம் எப்போம்மா?"ன்னு கேட்டுட்டேன். அது முகம் சுருங்கிச்சு, ஆனா நிதானமா "அத வீட்ல பாத்துக்குவாங்க சார், ஷிஃப்ட் டைமிங் எனக்கு ஓகேதான்"னுச்சு. நான் மனசுல வெச்சிருந்த கேள்விக்கே பதில் வந்துடுச்சு, எனக்குத்தான் வெக்கமா போச்சு. அப்புறம் யாருகிட்டயும் அத கேக்கறதில்ல. உங்கள யாராவது கேட்டா வீட்டு சமாச்சாரத்த ஒரு வரில தாண்டிட்டு வேலைக்கு வந்துடுங்க, சண்டை போடவும் வேணாம், சொந்தக் கதை சொல்லவும் வேணாம்.

அந்த குடியாத்தம் தம்பிக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்து உக்கார வெச்சு அதே பஸ்ஸு கேள்விய மறுபடி கேட்டேன். "வேலூர் வரைக்கும் நின்னுகினே வந்தேன் சார், டிரைவர் பக்கத்துல, ஒரே இன்ஜின் சூடு, கியர் மாத்தறப்போல்லாம் கரகரன்னு ஒரு சத்தம், கிளட்ச் தேஞ்சிருக்கும்னு நெனக்கறேன்"னான். மெக்கானிக்கல் படிச்ச புள்ள. செக்கிங்க்கு எடுக்கல, மெயின்டனன்ஸ்ல போட்டோம்.