புலம் வேறு, உருப்படி வேறு

கிளிநொச்சிப் பக்கம் கணினிப் பயிற்சிக்கென்று கொடுக்கப்படும் கையேடுகளில் 'களம்' புகுந்துவிட்டது. 'களத்தை நிரப்புக', 'கட்டாயக் களம்', 'வெற்றுக் களம்'. பிள்ளைகள் பாடசாலையில் 'புலம்' என்று படித்துவிட்டு வருகிறார்கள். இங்கே வந்ததும் அது களமாகிவிடுகிறது. இரண்டும் ஆங்கில 'ஃபீல்ட்'டுக்குத்தான், அதாவது படிவத்தில் ஒரு தகவலை இடும் கட்டத்துக்குத்தான்.

புலம் என்றால் விளைநிலம். 'மிச்சில் மிசைவான் புலம்' என்று குறள் சொல்வது வயலைத்தான். இடம், திசை, பொறிகளால் அறியப்படுவது, அறிவு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. புலன், புலவர், புலப்படுதல் எல்லாம் ஒரே குடும்பம். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

களத்துக்கு வருவோம். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகம், அதாவது மாரிக்கால நெற்செய்கை, செய்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள். நெல் விளைவது வயலில். வெட்டிய கதிரைச் சூடு வைத்து அடிப்பது களத்தில். அறுவடை இயந்திரம் வந்து களத்தின் வேலையைக் குறைத்தாலும் சொல் இன்னும் சாகவில்லை. ஏர்க்களம், போர்க்களம், ஆடுகளம் என எதை எடுத்தாலும் களம் ஒரு செயல் நடக்கும் வெளி. படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தில் அப்படி என்ன செயல் நடக்கிறது? போதாக்குறைக்கு 'டொமைன்' என்பதற்கு 'ஆள்களம்' என்று ஏற்கெனவே எழுதியாயிற்று. இனி 'ஆள்களக் களத்தை நிரப்புக' என்றுதான் எழுத வேண்டும். வன்னியில் 'களமுனை' என்ற சொல் எதை நினைவூட்டும் என்பதை அந்தக் கையேட்டுக்காரர் ஒரு கணமாவது யோசித்திருக்கலாம். புலம் என்றால் புலம்பெயர்ந்தோர் நினைவு வந்து குழப்பும் என்று களத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். 'படி' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்? யார் குழம்பினார்கள்?

ஆகவே புலமே இருக்கட்டும். ஆனால் புலத்தையும் கண்ட இடத்தில் எல்லாம் தூவக்கூடாது. தகவலை ஆவணம் ஆவணமாகச் சேமிக்கும் தரவுத்தளங்களில் இது பெரிய வில்லங்கம். 1989-இல் வெளிவந்த, அத்தகைய மென்பொருளான லோட்டஸ் நோட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆவணம் என்பது பெயரும் வகையும் மதிப்பும் கொண்ட துண்டுகளின் தொகுதி. படிவம் தனியே இருக்கிறது. ஆவணத்தை எப்படிக் காட்டுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒரே ஆவணத்தை இரண்டு படிவங்களில் திறந்தால் இரண்டு விதமாகத் தெரியும். படிவத்திலிருந்து ஒரு புலத்தை நீக்கிவிட்டாலும் பழைய ஆவணங்களில் அந்தத் துண்டு அப்படியே கிடக்கும். மறுதலையாக, காட்டுவதற்காக மட்டும் கணிக்கப்படும் புலமும் உண்டு. அது திரையில் தெரியும், ஆவணத்தில் இராது.

நெல் கொள்வனவுப் படிவம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எடை சேமிக்கப்படுகிறது. 'மொத்தத் தொகை' காட்சிக்கு மட்டும்; தனிப் பட்டியலில் உள்ள விலையைப் பார்த்துக் கணிக்கிறது. அடுத்து வரும் சிறுபோகத்தில் விலையை மாற்றினால், காலபோகத்து ஆவணத்தைத் திறந்தாலும் புதிய தொகைதான் தெரியும். விவசாயி வாங்கிய காசு ஒன்று, திரை சொல்லும் காசு வேறொன்று. 'புலத்தில் இருக்கிறதே' என்று பயிலுநர் வாதாடுகிறார். புலத்தில் இருக்கிறது, ஆவணத்தில் இல்லை என்று அவருக்குச் சொல்ல நம்மிடம் இரண்டு சொற்கள் வேண்டும்.

ஆங்கிலத்தில் சேமிக்கப்பட்ட துண்டுக்கு 'ஐட்டம்' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு 'உருப்படி' இருக்கிறது. சலவைக்காரரும் கடைக்காரரும் எண்ணிப் பழகிய சொல், எடுத்து வைக்கக்கூடிய பொருளைக் குறிப்பது. புலப்படுவது புலம், சேமிக்கப்பட்டது உருப்படி. புலத்தின் பழம்பொருளே இங்கே கைகொடுக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களோ மென்பொருளைத் திறந்தே பாராமல், சொற்பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகிறார்கள். இதில் தூய தமிழ் வேண்டும் என்ற வீறாப்பு வேறு! நோட்ஸில் ஆவணத்தின் பண்புகள் பெட்டியில் உருப்படிகள் வரிசையாக இருக்கும். ஒன்றைச் சொடுக்கினால் அதன் வகை, நீளம், மதிப்பு தெரியும். படிவத்தில் மறைத்துவைத்த புலத்தின் மதிப்பும், அது சேமிக்கப்பட்டிருந்தால், அங்கே அகப்பட்டுவிடும். அந்தப் பட்டியலுக்கு ஒரு கையேடு 'மறைந்த களங்கள்' என்று தலைப்பிட்டிருந்தது. அங்கே மறைந்தது எதுவுமே இல்லை.