மட்குபொருள்: 'டெட்ரிட்டஸ்' என்பதற்கு ஒரு சொல் விளக்கம்

சூழலியலில் 'டெட்ரிட்டஸ்' என்று வழங்கும் சொல், உதிர்ந்த இலை, ஒடிந்த சுள்ளி, பட்டுப்போன வேர், விலங்குகளின் சாணம், இறந்த உடல் முதலான உயிரற்ற கரிமப் பொருள்களைக் குறிக்கும்; பெரும்பாலும் அவற்றில் குடியேறியுள்ள நுண்ணுயிர்களையும் சேர்த்தே குறிக்கும்.

சொல்லின் வேர் இலத்தீனம். 'தேய்த்து அகற்று' என்று பொருள்படும் வினையிலிருந்து 'தேய்ந்துபோனது' என்ற பொருளில் பிறந்த இச்சொல்லை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலவியலாளர்கள் அரித்துச் சிதைந்த பாறைத் துகள்களுக்கு வழங்கினர். உயிரியலுக்கு அது பின்னரே வந்தது. ஆகவே மூலச்சொல்லில் உராய்வு உண்டு. உயிர்களின் செயல் இல்லை.

உண்மையில் நடப்பதோ உயிர்களின் செயல்தான். காடுகளில் தாவரங்கள் ஆக்கும் பொருளில் மிகச் சிறு பங்கையே தழையுண்ணிகள் தின்கின்றன. எஞ்சியது உதிர்ந்து, மடிந்து, சிதைவின் வழியாகவே அடுத்த உயிர்களைச் சேர்கிறது. அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமன் 1942இல் வெளியான தம் கட்டுரையில், அமெரிக்காவின் மின்னசோட்டாவிலுள்ள சீடர் பாக் ஏரியின் உணவுச் சுழற்சியை வரைந்தபோது, படத்தின் நடுவே வைத்தது மீனையோ பாசியையோ அன்று. ஏரியடிச் சேற்றுக் குழம்பையே. இறந்தவை யாவும் அதில் வந்து சேர்ந்தன; அங்கிருந்தே ஊட்டம் மீண்டும் பிரிந்து சென்றது.

அலையாத்திக் காட்டில் இதை அருகிலிருந்தே காணலாம். நீரில் விழுந்த சுரபுன்னை இலையிலிருந்து முதலில் கரையக்கூடிய சர்க்கரைகளும் உப்புகளும் கசிந்து வெளியேறுகின்றன. பிறகு பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதன்மேல் படர்கின்றன. இலையின் கார்பன் குறையக் குறைய, நுண்ணுயிர்கள் சேர்க்கும் நைட்ரஜனால், பழுத்து விழுந்த இலையைவிடப் பாதி சிதைந்த துணுக்கே சத்து மிகுந்ததாகிறது. நண்டும் இறாலும் அத்துணுக்கைத் தின்ன, அவற்றை மீனும், மீனைக் கொக்கும் தின்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறித் திரும்பாமற்போக, நைட்ரஜனும் பாஸ்பரசும் கனிம வடிவில் மண்ணுக்கும் நீருக்கும் மீண்டு, மறுபடி வேர்களால் உறிஞ்சப்படுகின்றன.

எனவே 'குப்பை', 'கழிவு' என்னும் சொற்கள் டெட்ரிட்டஸுக்குத் தமிழ்ப்பெயராகப் பொருந்தா. அவை பயனற்றது என்ற கருத்தை உடன்கொண்டு வருகின்றன. 'வண்டல்' நீர் கொணர்ந்து படியவிட்ட மண்ணுக்கு உரியது. 'மட்குதல்' என்னும் வினையே மிகவும் பொருத்தமானது. பேச்சில் 'மக்குதல்' என வழங்கும் இச்சொல் தொழுவுரம் இடும் உழவருக்கும், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப்போடும் நகரத்தாருக்கும் ஒருங்கே பழக்கமானது.

பாடநூல்களில் 'மட்குப்பொருள்' என்ற வடிவம் காணப்படுகிறது. இதில் மிகும் பகர ஒற்றை விட்டு, 'மட்குபொருள்' என்று எழுதுவதே தக்கது என்பேன். ஒற்று மிகுந்தால் 'மட்கு' பெயர்ச்சொல்லாகி, மட்காகிய பொருள் என்று பொருள்பட்டு, சிதைவு பெரிதும் முடிந்தபின் எஞ்சும் கரிய இலைமட்கையே நினைவூட்டும். அதுவோ வேறொரு பொருள். அறிவியலில் அதற்கு 'ஹியூமஸ்' என்ற தனிப்பெயர் உண்டு. ஒற்று மிகாதபோது இது வினைத்தொகை: 'ஊறுகாய்' என்பதுபோல, மட்கிய, மட்குகின்ற, மட்கும் பொருள் என மூன்று காலத்தையும் தன்னுள் அடக்கும். நேற்று உதிர்ந்த இலையையும் கடந்த பருவத்தின் துணுக்கையும் ஒரே பெயரால் சுட்ட இத்தகைய அமைப்புத்தானே வேண்டும்!

இதனையொட்டி, மட்குபொருளில் தொடங்கும் உணவுச்சங்கிலியை 'மட்குபொருள் உணவுச்சங்கிலி' எனலாம். மட்குபொருளை விழுங்கிச் செரிக்கும் மண்புழு, மரவட்டை, நண்டு போன்றவை 'மட்குண்ணிகள்'. நொதிகளை வெளியே சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் 'சிதைப்பான்கள்' என்று பிரித்து வழங்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், இலையைத் துணுக்காக்குவது எது, துணுக்கைக் கனிமமாக்குவது எது என்ற வேறுபாடு மறைந்துவிடும்.