லிகமென்டம் ஃபிளேவம்: இது தசைநாரும் இல்ல, நரம்பும் இல்ல

கோத்தகிரில எங்க அத்தை 30 வருஷமா கொழுந்து எடுத்தவங்க. மேடு ஏறுறப்ப ஒண்ணும் பண்ணாது, எறக்கத்துல வந்தா தான் ரெண்டு காலும் மரத்துப்போய் ரோட்டோரமா உட்காந்துடுவாங்க. கோயம்புத்தூர் போய் எம்ஆர்ஐ எடுத்தோம், ரிப்போர்ட்ல இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல லிகமென்டம் ஃபிளேவம் தடிச்சிருக்குன்னு போட்டிருந்தாங்க. வீட்ல ஒருத்தர் தசைநார் வீக்கம்னாரு, இன்னொருத்தர் நரம்பு வீங்கிடுச்சுன்னாரு, உடனே தைலம் போட்டு அழுத்தித் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

லத்தீன்ல லிகாரேன்னா கட்டுறது, ஃபிளேவஸ்னா மஞ்சள். மஞ்சக் கட்டு, அவ்வளவுதான். முதுகெலும்புல ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கியிருக்கிற முள்ளெலும்புகள்ல ஒண்ணையும் அடுத்ததையும் பின்பக்கமா பிடிச்சுக் கட்டுற நார், அதுல முக்கால்வாசிக்கு மேல எலாஸ்டின்ங்கிற இழுபடுற புரதம், அதனால தான் அந்த நிறமும். குனிஞ்சா நீண்டு மெலிசாகும், நிமிந்தா சுருங்கி உள்பக்கமா மடியும். வயசாகி தடிச்சிருந்தா அந்த மடிப்பு முதுகெலும்புக் குழாய்க்குள்ள போற நரம்புக் கத்தையை நெருக்கும். மேடு ஏறுறப்ப உடம்பு முன்னாடி சாயுது, எறக்கத்துல பின்னாடி வளையுது, அத்தை கால் மரத்தது இதனால தான்!

தசையை எலும்போட சேர்க்கிறது தசைநாண். இது எலும்பை எலும்போட கட்டுது, இதுல தசைக்கு வேலையே இல்ல, அப்புறம் எப்படி தசைநார்னு சொல்றது? பிணைநார்னு சொன்னா பொருந்தும், ஃபிளேவத்துக்கு மஞ்சள் பிணைநார்.

நரம்புங்கிற சொல்லு இன்னும் பெரிய சிக்கல். சங்கப் பாட்டுல யாழோட தந்தி நரம்பு, தேயிலைல ஓடுற கோடும் இலை நரம்பு, ட்ரிப்ஸ் போடுறப்ப நர்ஸ் தேடுறதும் நரம்பு தான், ஆனா அது ரத்தக்குழாய், புத்தகத்துல சிரைன்னு இருக்கும், வடமொழில இருந்து வந்த சொல்லு. மஞ்சள் பிணைநாரைத் தாண்டி குழாய்க்குள்ள போனதும் கொழுப்பும் சிரைகளோட வலைப்பின்னலும் இருக்கு. கால் சிரைல இருக்கிற மாதிரி இதுல வால்வு கிடையாது, இருமினாலோ முக்கினாலோ வயித்துப் பக்கத்து அழுத்தத்துல ரத்தம் இங்க தள்ளப்படும். அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆஸ்கர் பாட்சன் 1940ல இதை விளக்கினதால பாட்சன் பின்னல்னும் சொல்றாங்க. கர்ப்பத்துல இந்த சிரைகள் புடைச்சுக்கும், அதனால பிரசவத்துல எபிடியூரல், அதாவது வலி தெரியாம இருக்க முதுகுல போடுற ஊசி, போடுற டாக்டர் ரொம்ப கவனமா இருப்பாரு, ஊசி பிணைநாரைத் தாண்டுற அந்த நொடி சிரிஞ்சுல தடை சட்டுனு விலகுறது கைக்குத் தெரியும்.

ஒரே முதுகெலும்புக் குழாய்க்குள்ள நிஜமான நரம்பு, சிரை, பிணைநார் மூணும் இருக்கு, நாம மூணையும் நரம்புன்னுட்டா எது நெருக்குது எது நெருக்கப்படுதுன்னு எப்படிப் புரியும்? அத்தைகிட்ட, "எலும்புக் குழாய் சுவத்துல இருக்கிற மஞ்ச நாரு தடிச்சு நரம்பை அமுக்குது அத்தை, அது எலும்புக்கு உள்பக்கம் இருக்கு, தைலம் அதுவரைக்கும் போகாது"ன்னு சொன்னேன். அன்னிக்கே தேய்க்கிறதை நிறுத்திட்டாங்க.