எங்க வகையறாவுல யாருக்கும் இல்லீங்க

இந்த வருடத்தில் வில்சன் நோயோடு என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பதியின் மகன். கைகளை நீட்டச் சொன்னேன். பறவை சிறகடிப்பதுபோல் இரண்டும் அடித்துக்கொண்டன. அம்மா பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். ஜூன் மாதப் பக்கங்களில் முத்து முத்தான எழுத்து. டிசம்பரில் கோடு தாண்டிய கிறுக்கல். அதற்குள் பையன் சோம்பேறி என்று திட்டு வாங்கி, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று.

பரம்பரை நோயாக இருக்கலாம் என்றேன். “எங்க வகையறாவுல யாருக்கும் இல்லீங்க டாக்டர்” என்றார். அவர் கணவருக்கு அக்கா மகள்.

எல்லோரும் சொல்வது இதைத்தான். தயவுசெய்து கேளுங்கள். இது வில்சன் நோய். உடலில் செம்பு தேங்கிவிடும். இதற்குக் காரணமான ஏடிபி7பி மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆள் திடமாக இருப்பார். பழுது மட்டும் தலைமுறைகளாகச் சத்தமில்லாமல் இறங்கி வரும். சொந்தத்துக்குள் கல்யாணமாகி, அதே பழுது இரு பக்கமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. யாருக்கும் இல்லாததாலேயே பரம்பரை இல்லை என்று ஆகிவிடாது!

இந்த மரபணு தெரியவந்தது 1993-இல். அப்போதெல்லாம் ஒவ்வொரு மரபணுவாகத் தேட வேண்டும். இப்போது ஒரு குழாய் ரத்தம் போதும். மரபணுக்களில் புரதங்களுக்கான பகுதிகளை எக்சோம் என்ற பரிசோதனை மொத்தமாகப் படித்துவிடும். ஆனால் எக்சோம் நார்மல் என்றதும் ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். மரபணுவின் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து நீண்டுபோகும் பழுதுகள் பெரும்பாலும் அதில் சிக்காது. எஃப்ஜிஎஃப்14 மரபணுவில் அப்படி ஒன்று இருப்பது 2023-இல்தான் வெளியானது. வயதான பிறகு வரும் தள்ளாட்டம் பலருக்கு அதனால்தான். காரணம் தெரியவில்லை என்று நாங்கள் எழுதி அனுப்பியவர்களில் சிலருக்கு இன்று பதில் இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வில்சனுக்கு மருந்து உண்டு. கை நடுக்கம் குறைந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், கல்லீரல் திடீரென்று செயலிழக்கலாம். இந்த நோயாளிக்குச் செம்புக் குடத்துத் தண்ணீர் வேண்டாம், ஈரல் வறுவலும் வேண்டாம். கூடப் பிறந்தவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், பரிசோதனை கட்டாயம்.

அந்தப் பையனின் தங்கைக்கு ஒன்பது வயது, நன்றாக ஓடியாடுகிறாள். செவ்வாய்க்கிழமை கூட்டி வரச் சொன்னேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுப்பாள் என்று அம்மா தயங்கினார். எடுக்கட்டும், பரவாயில்லை. கூட்டி வாங்கம்மா.