உரோமக் காசைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்

பழங்காசுகளை இனங்கண்டு பட்டியலிடும் பணியில் இருப்பதால், வீட்டில் கிடைத்த காசு என்று சிலர் கொண்டுவந்து காட்டுவது உண்டு. அப்படி ஒரு பெரியவர் கொண்டுவந்த வெள்ளிக்காசு புதுப் பாத்திரம் போல மின்னியது. புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்ததாக அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். உருப்பெருக்கியில் பார்த்தபோது, அது உரோமப் பேரரசர் திபேரியஸின் தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு என்று தெரிந்தது. இலை மாலை சூடிய தலை ஒரு புறமும், கையில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண் மறுபுறமும் இருந்தார்கள். ஆனால் தலைமுடியின் இழைகளும் கன்னத்தின் மேடும் தேய்ந்து வழவழத்திருந்தன. அந்தத் தேய்மானம் பழங்காலத்துப் புழக்கத்தில் வந்ததன்று. அந்த வாரத்தில் நேர்ந்தது.

உரோமக் காசை இனங்காண விரும்புபவர் முதலில் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எடை பார்த்து எடுத்த உலோக வில்லையைச் சூடாக்கி, பட்டடையில் பதித்த கீழச்சின் மேல் வைத்து, மேலச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார்கள். வழக்கமாகப் பேரரசரின் தலை கீழச்சிலும் மறுபுறத்து உருவம் மேலச்சிலும் செதுக்கப்பட்டிருந்தன. கையால் அடித்ததால் உருவம் பெரும்பாலும் நடுவில் அமையாமல் ஒதுங்கியிருக்கும். எழுத்துகளில் பாதி வில்லைக்கு வெளியே போயிருக்கும். அடியின் அழுத்தத்தில் விளிம்பு சில இடங்களில் வெடித்திருக்கும். இவற்றைக் குறை என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, வட்டம் பிசகாத காசையே நல்லதென்று நம்பி வாங்குபவர்களைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வார்ப்பில் செய்த போலிகளில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடோ அதை அரம் கொண்டு ராவிய தடமோ தெரியலாம். பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகள் இருக்கும். எழுத்துகளின் ஓரம் சோப்பைப் போல மழுங்கியிருக்கும். அடித்த காசுகளில் ஒதுக்கமும் வெடிப்பும் காசுக்குக் காசு மாறும் என்பதால், இவை அச்சு அசலாக ஒத்த இரண்டு காசுகள் கண்ணில் பட்டால், அவற்றில் ஒன்றேனும் வார்ப்பு என்றே கொள்ளலாம்.

எடையும் காலத்தைச் சொல்லும். ஒரு உரோம ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்று அடித்துவந்த தெனாரியஸை, கி.பி. 64 அளவில் பேரரசர் நீரோ 96 காசாக்கி எடையைக் குறைத்ததோடு வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். தமிழகத்துப் புதையல்களில் வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவையாக இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காசின் இலத்தீன் எழுத்துகளில் ‘யு’ (U) வராது, அந்த இடத்தில் ‘வி’ (V) வடிவமே இருக்கும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

காசின் மேல் உள்ள வெட்டுத் தடமும் அழிக்கக் கூடாத சான்றுதான். 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த 500-க்கும் மேற்பட்ட உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மீது உளியால் வெட்டியிருக்கிறார்கள். கரூரில் கிடைக்கும் பிற்காலச் சிறு செப்புக்காசுகளிலோ உருவமே பல சமயம் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கிறது. புளியில் ஊறவைத்தால் களிம்போடு பேரரசரும் போய்விடுவார்.

ஆகவே மண்ணில் காசு கிடைத்தால் கழுவாமல், தேய்க்காமல், விளிம்பைப் பிடித்தெடுத்துத் தனித்தனிக் காகித உறையில் இட்டு, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்பதை அதன் மேல் எழுதிவையுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பெரியவருக்குக் காசு கிடைத்த இடம் நினைவில் இல்லை; தம் தகப்பனார் காலத்திலிருந்தே பெட்டியில் கிடந்தது என்று மட்டும் சொன்னார். பேரரசரின் பெயரையும் எடையையும் எழுதிய பிறகு, பதிவேட்டில் ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.