என்ஜாம்ப்மென்ட்: அடிதாண்டல்

உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: “மாமா, என்ஜாம்ப்மென்ட் எண்டாத் தமிழில என்ன?”

பிரெஞ்சுச் சொல். ழாம்ப் என்றால் கால். அதில் பிறந்த வினைக்குக் காலை எட்டி வைத்துத் தாண்டுவது என்று பொருள். வாய்க்காலைத் தாண்டுகிறோமே, அதுதான். கவிதையில் வரி முடிந்தும் வாக்கியம் முடியாமல் அடுத்த வரிக்குள் கால் வைப்பது. நமக்கு ஒரு வசதி, யாப்பில் வரிக்குப் பெயரே ‘அடி’. அதனால் நான் ‘அடிதாண்டல்’ என்கிறேன்.

நன்னூல் சொல்லும் யாற்றுநீர்ப் பொருள்கோள் இதுதானே என்று கேட்கலாம். இல்லை. சொற்களை முன்பின் மாற்றாமல் வந்த வரிசையிலேயே, அடிதோறும் பொருள் முடிந்து முடிந்து ஒழுகுவது அது. இங்கேயோ, அடி முடிந்தும் பொருள் முடியாமல் தாண்டிப் போகிறது.

புதுக்கவிதையோடு வந்த பழக்கமும் அல்ல. முதல் குறளிலேயே ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ என்று நாலு சீரில் அடி முடிந்துவிடுகிறது. ‘பகவன்’ அடுத்த அடியில். ‘ஆதி’யில் மூச்சு விட்டால், ஒரு கணம் அது எழுத்துகளோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் திருகோணமலைப் பதிகத்தில் இன்னும் அழகு. சந்தனம், அகில், மணி என்று அடுக்கிக்கொண்டு போகும் சம்பந்தர், ‘வரன்றிக்’ என்று அடியை நிறுத்துகிறார். வாரிக்கொண்டு என்று பொருள். வாரியது யார்? அடுத்த அடியில்தான் ‘குரைகடல் ஓதம்’ வருகிறது, இரைகிற கடலின் அலை. முந்திய அடியின் கடைசியில் தொங்கும் அந்த ‘க்’கைப் பாருங்கள். ‘குரைகடல்’ வரப்போவதால் மிகுந்த ஒற்று அது. அடி முடியுமுன்பே ஒரு கால் அந்தப் பக்கம் போய்விட்டது. கோணேசர் கோயிலடியில் நின்று கீழே பாறையில் அலை ஏறுவதைப் பார்த்தபடி இதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

சரி, இன்றைய தமிழில்? பிள்ளைக்காக இரண்டு வரி எழுதிக் காட்டினேன்:

கரைவலை இழுத்தோம், மீன் இல்லை
என்று யார் சொன்னது?

முதல் வரியில் வலை வெறுமை. இரண்டாவதில் அந்த வெறுமையே பொய். ஒரே வரியாக எழுதினால் ஏமாறவே நேரம் இருக்காது. ‘என்று’ பின்னால் வருகிற மொழி நம்முடையது, இந்த விளையாட்டுக்கு வாய்ப்பு அதிகம்.

“அப்ப, கண்ட இடத்தில என்டர் தட்டினாக் காணுமோ?”

காணாது. ‘கரைவலை’ என்று ஒரு வரி, ‘இழுத்தோம்’ என்று ஒரு வரி போட்டால், வரிதான் கூடும்.