ஹைட்ரேஷன்: நீரேற்றம் அல்ல, செயலூட்டல்

"ப்ரியாக்ட் கூறுகளை ஆஸ்ட்ரோ பக்கத்தில் வைத்தபின் அவற்றுக்கு நீரேற்றம் செய்ய வேண்டும்." வலைநுட்பத்தைத் தமிழில் எழுதுவோரிடம் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆஸ்ட்ரோ வலைப்பக்கங்களைக் கட்டும் கருவி; ப்ரியாக்ட், பக்கத்தின் பகுதிகளைக் கூறுகளாக எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். ஹைட்ரேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் நீரேற்றம் என்று பெயர்க்கிறார்கள். கடலூரில் பத்துப் பேரிடம் நீரேற்றம் என்று சொல்லிப் பாருங்கள். நீரேற்று நிலையமோ, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரோதான் நினைவுக்கு வரும். வயதானவர்களுக்குக் கிணற்று ஏற்றம் நினைவுக்கு வரும். திரையில் செயலற்றுக் கிடக்கும் பொத்தானை வேலை செய்ய வைப்பதுதான் பொருள் என்று ஒருவருக்கும் தோன்றாது.

கிரேக்கத்தில் ஹூடோர் என்றால் நீர். அதிலிருந்து 1800 வாக்கில் பிரெஞ்சு வேதியியலாளர் ப்ருஸ்து ஆக்கிய சொல்லை ஆங்கிலம் ஹைட்ரேட் என்று எடுத்துக்கொண்டது. பள்ளிப் பாடநூல் அதை நீரேறிய உப்பு என்கிறது; மிகச் சரி. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீர் போய் நீலம் வெளுக்கிறது, சில சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்புகிறது. அங்கே ஏறுவது உண்மையிலேயே நீர். நிரலாளர்கள் இந்தச் சொல்லை உவமையாக எடுத்தார்கள்: பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தரும் எச்டிஎம்எல் வறண்டது, அதைச் செயல்பட வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதன்மேல் விழும் நீர். ப்ரியாக்டைப் போன்ற, ஆனால் பெரிய நூலகமான ரியாக்டின் 2017இல் வந்த 16ஆம் பதிப்பு ஹைட்ரேட் என்ற பெயரிலேயே ஒரு செயற்கூறைக் (ஃபங்ஷன்) கொடுத்தது.

ஆனால் நடப்பது என்ன? கடலூர் முதுநகர் மீன்கடை ஒன்றுக்கு ஆஸ்ட்ரோவில் விலைப்பட்டியல் பக்கம் போடுவதாக வைத்துக்கொள்வோம். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எடையைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான்கள். இதற்கு ரியாக்ட் வேண்டாம். சுருக்கிய நிலையில் ஏறக்குறைய 3 கேபி மட்டுமே உள்ள ப்ரியாக்ட் போதும். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் 'என்பிஎக்ஸ் ஆஸ்ட்ரோ ஆட் ப்ரியாக்ட்' என்று கொடுத்து, கேட்கும் கேள்விகளுக்கு ஒய் அழுத்தினால் இணைப்புத் தொகுப்பும் ப்ரியாக்டும் நிறுவப்பட்டு, ஆஸ்ட்ரோ கான்ஃபிக் கோப்பும் திருத்தப்பட்டுவிடும். எடைக் கூறை, ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் போல எழுதும் ஜேஎஸ்எக்ஸ் கோப்பாக எழுதிப் பக்கத்தில் வைக்கிறோம். பொத்தான்கள் திரையில் தெரிகின்றன. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆஸ்ட்ரோ இயல்பாக எச்டிஎம்எல்லை மட்டுமே அனுப்பும். கூறின் ஜாவாஸ்கிரிப்டை அனுப்பாது. கூறின்மேல் 'கிளையண்ட்:லோட்' என்று எழுதினால் பக்கம் வந்ததும் நிரல் வரும். 'கிளையண்ட்:ஐடில்' என்றால் உலாவி ஓய்ந்த பிறகு வரும். 'கிளையண்ட்:விசிபிள்' என்றால் வாசகர் அந்த இடம்வரை உருட்டிப் பார்க்கும்போதுதான் வரும். வந்த நிரல் பொத்தானைப் புதிதாக வரைவதில்லை. ஏற்கெனவே நிற்கும் பொத்தானைத் தேடிப் பிடித்து, அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதனோடு பிணைக்கிறது. ஹைட்ரேஷன் என்பது இந்தப் பிணைப்புதான்.

இதில் நீர் எங்கே? ஏற்றம் எங்கே? கீழிருந்து மேலே எதுவும் போகவில்லை, எதுவும் ஊறி உப்பவுமில்லை. வழக்கூன்றிய சொல் என்று இதற்கு வாதாடுகிறார்கள். வழக்கு வேதியியலில் உண்டு, மருத்துவத்திலும் நீர்ச்சத்து என்று பேசுகிறோம். அந்த வழக்கே இங்கே வழி மறிக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இன்னொரு வாதம் வைக்கலாம்: பிரெஞ்சுக்காரர்கள் இதே இடத்தில் தங்கள் 'இத்ராத்தாசியோன்' என்ற சொல்லையே போடுகிறார்களே என்று. போடலாம், ஆங்கிலமும் பிரெஞ்சும் இந்தச் சொல்லில் ஒரே கிரேக்க வேரைப் பகிர்ந்துகொண்டவை, அங்கே சொல்லோடு உவமையும் சேர்ந்தே வருகிறது. தமிழில் நீர் என்று எழுதிய உடனே அது தண்ணீர்தான்.

அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கமே இதற்குக் காரணம். மவுஸுக்கு எலி என்று வைத்து நிறுத்தியிருந்தால் இன்று சுட்டி என்ற அருமையான சொல் நமக்குக் கிடைத்திருக்காது. பிரவுசரை உலாவி என்றவர்களும் செயலைப் பார்த்துத்தான் பெயரிட்டார்கள். உவமை அப்படியே நிற்கும் இடங்களும் உண்டு. 2019இல் கேட்டி சைலர்-மில்லர் முன்வைத்து, 2020இல் ப்ரியாக்டை உருவாக்கிய ஜேசன் மில்லர் விரித்தெழுதிய, நிலையான பக்கத்தின் நடுவே செயல்படும் பகுதிகளைத் தனித்தனியாக வைக்கும் 'ஐலண்ட்ஸ்' கட்டமைப்பைத் தீவுகள் என்று சொன்னால் தமிழிலும் அதே படம் கண்முன் வரும். அதை மாற்ற வேண்டியதில்லை.

உயிரூட்டல் என்று சிலர் எழுதுகிறார்கள். நீரேற்றத்தைவிட நூறு மடங்கு மேல். ஆனாலும் அசைபடத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோர் உண்டு. அதைவிடப் பெரிய குறை, பக்கம் அதுவரை செத்துக் கிடந்ததாக அது சொல்கிறது. அப்படியில்லை. ஜாவாஸ்கிரிப்ட் வருமுன்பே இணைப்புகள் வேலை செய்யும், சாதாரணப் படிவத்தை அனுப்பலாம். வில்லியனூரில் சுடுமண் குதிரை செய்வதுபோல உடல் முழுதாக நிற்கிறது. கண் திறப்பதுதான் பாக்கி. 'கண் திறத்தல்' அழகான உவமை என்றாலும் கோயில் சடங்கின் பெயர். அதை வினையாக வளைத்துப் பத்து இடங்களில் ஆள முடியாது.

செயலூட்டல் என்பதே பொருந்தும். நினைவூட்டு, சுவையூட்டு, வண்ணமூட்டு என்று ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு இல்லாத ஒன்றைத் தருவதற்குத் தமிழ் வைத்திருக்கும் வினை ஊட்டு. நிற்கிற பொத்தானுக்குச் செயலைத் தருகிறோம். செயலூட்டிய தீவு, செயலூட்டாத தீவு, பகுதிச் செயலூட்டல் என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

சொல் சரியாக இருந்தால் பிழை எங்கே என்பதும் விளங்கும். 'இன்றைய விலை' என்று தேதியைக் கூறுக்குள்ளேயே கணக்கிட்டால், பக்கத்தைக் கட்டும் வழங்கி (சர்வர்) பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். இரவு 12 முதல் காலை 5.30க்குள் கட்டினால் எச்டிஎம்எல்லில் நேற்றைய தேதி இருக்கும், செயலூட்டும்போது கண்ணெதிரே மாறும். செயலூட்டும்போது ப்ரியாக்ட் எச்டிஎம்எல் பண்புகளை (அட்ரிபியூட்) ஒப்பிடுவதைப் பெரும்பாலும் தவிர்க்கும் என்பதால், அவற்றில் முரண் இருந்தால் அது திருந்தாமலே நின்றுவிடலாம். உலாவியில் மட்டும் ஓடும் யூஸ்எஃபெக்ட்டுக்குள் தேதியைக் கணக்கிடுவதே வழி. ஆஸ்ட்ரோவில் எழுதிய தாய்க் கூறிலிருந்து செயற்கூறை ப்ராப்பாக, அதாவது கூறுக்குக் கொடுக்கும் உள்ளீடாக, அனுப்பினாலும் செயலூட்டும் தீவுக்கு அது போய்ச் சேராது. எண், சரம், பட்டியல் போன்றவையே போகும்.

'கிளையண்ட்:ஒன்லி'யையும் நீரேற்ற வகைகளில் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். அங்கே வழங்கி எச்டிஎம்எல் தருவதே இல்லை. உலாவி வெற்றிடத்தில் முதலிலிருந்து வரைகிறது. செயலூட்ட அங்கே எதுவும் நிற்கவில்லை. அதை உலாவியில் வரைதல் என்றுதான் எழுத வேண்டும். கூடவே ப்ரியாக்ட் என்று நூலகத்தின் பெயரையும் 'கிளையண்ட்:ஒன்லி'யோடு குறிப்பிட வேண்டும். எதைக் கொண்டு வரைவது என்று வேறு வழியில் ஆஸ்ட்ரோவுக்குத் தெரியாது.